அது வெட்டுத் தழும்பு இல்லை, அம்மா

என் குதிகாலைப் பிடித்துக்கொண்டு தினமும் முப்பது வரை எண்ணிய அம்மாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை நீ காதில் வாங்க மாட்டாய். உன் பேத்தி யாழினிக்கு உடம்பு சரியாகிப் பள்ளிக்கூடம் போகிறாள். கவிதா அண்ணிக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. அப்பா தோல் டேனரி வேலையை விட்டுவிட்டார். காலையில் செய்தித்தாளை வரிவிடாமல் படித்துவிட்டு, மதியம் அதே செய்திகளை எனக்குச் சொல்கிறார். நானும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்கிறேன்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது எழுதுவது ஒன்றை ஒப்புக்கொள்வதற்காக. நீ இருபத்தைந்து வருடம் வாய் திறக்காமல் வைத்திருந்ததை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கூடத்தில் நின்றபடி, அண்ணன் முகத்துக்கு நேராக நான் சொல்லிவிட்டேன். சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் உன்னைக் கேட்காமல் சொன்னேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக என் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அதைப் பற்றிப் பேசுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். நம் பக்கத்தில் பாதி ஊர் ஷூ கம்பெனிக்குப் போகிறது. யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் முகம். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, தொழில் அப்படி. அதனாலேயே நான் எப்போதும் பாதம் மறைய உடுத்துகிறேன்.

என் இடது கால் வலது காலைவிட மூன்று சென்டிமீட்டர் குட்டை. சதை மெலிந்தது. பாதம் மூன்று சைஸ் சிறியது, கடைசி இரண்டு விரல்கள் பெயருக்கு இருக்கின்றன. முழங்காலுக்குச் சற்று மேலே தொடங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கமாகக் கணுக்கால் வரை ஒரு தழும்பு வளைந்து இறங்குகிறது. பிறக்கும்போதே இருந்தது. குதிகால் தரையில் படியாமல் தூக்கிக்கொண்டே நின்றதால், ஏழு வயதில் பின்பக்கத் தசைநாரை நீட்ட ஒரு ஆபரேஷன் செய்தார்கள். ஒரு கால் குட்டையாக இருந்ததில் இடுப்பு சாய்ந்து, இடுப்பு சாய்ந்ததில் முதுகும் கொஞ்சம் வளைந்தது. ஒன்றைத் தொட்டு ஒன்று.

ஆபரேஷனுக்குப் பிறகு நார் மறுபடி இறுகிவிடக் கூடாது என்று தினமும் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். கம்பெனி பஸ் ஆறே முக்காலுக்கு மாதனூர் கூட்ரோட்டுக்கு வந்துவிடும். அதற்குள் உனக்குச் சமையல், குளியல், என் கால். பாதத்தை மேல்பக்கமாக வளைத்துப் பிடித்து முப்பது எண்ணுவாய். வலியில் நான் இருபது முடிந்ததுமே முப்பது என்று கத்துவேன். “கணக்குல இவ்ளோ வீக்கா இருந்தா எந்த கம்பெனில உன்ன வெச்சுக்குவான்?” என்று கேட்டுவிட்டு, இருபத்தொன்றிலிருந்து நிதானமாகத் தொடருவாய். இன்றைக்கு அதே கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறேன். கணக்குப் பிரிவில் இல்லை.

ஷூ அண்ணன் பொறுப்பு. சோல் ஒட்டும் பிரிவில் சேர்ந்த வருடத்திலிருந்து எனக்கு அவன்தான் செய்கிறான். ஒரே மாடலில் முப்பத்தேழு சைஸ் ஒரு ஜோடி, முப்பத்துநாலு சைஸ் ஒரு ஜோடி வாங்கி, பெரியதில் வலது காலையும் சிறியதில் இடது காலையும் எடுத்து, சிறியதன் அடியில் ரப்பரை ஷீட் ஷீட்டாக ஒட்டி உயர்த்துவான். மிச்சமான ஒற்றைகளை நீ எறிய விட்டதில்லை. பரண்மேல் மூட்டை இன்னும் இருக்கிறது.

அவன் செய்த முதல் ஜோடி ஞாபகம் இருக்கிறதா? “வளர்ற பொண்ணு, ரெண்டு வருசத்துக்கு வரட்டும்” என்று டாக்டர் எழுதிக்கொடுத்த உயரத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் கூட்டி ஒட்டிவிட்டான். பாவாடைக்கு மடிப்பு விட்டுத் தைக்கிற மாதிரி. ஒரு மாதத்தில் இடுப்பு மறுபக்கம் சாய்ந்து முதுகு வலி வந்தது. டாக்டர் ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்து, “வேலை பிரமாதம். ஆனா இது வளர்ற கால் இல்ல, வளராத கால். அதுக்கு எதுக்கு எக்ஸ்ட்ரா?” என்றார். அண்ணன் அன்று இரவே ஒரு ஷீட்டைப் பிய்த்தெடுத்தான்.

இதெல்லாம் எப்படி வந்தது என்பதற்கு நம் வீட்டில் ஒரே ஒரு கதைதான். நீ என்னைச் சுமந்திருந்த ஆறாம் மாதம் கிரகணம் வந்தது. கம்பெனியில் லீவு தரவில்லை. நீ தையல் பிரிவில் உட்கார்ந்து, தைத்த ஷூ மேல்பாகங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்திரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாய். கிரகண நேரத்தில் மாசமாக இருப்பவள் கத்திரி பிடித்தால் பிள்ளைக்கு ஊனம் வரும். தழும்பைப் பார், கத்திரி பட்ட மாதிரியே இருக்கிறது. அத்தை, அப்பாவின் அக்கா, இதை என் முன்னாலேயே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நீ வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாய். தலையைத் தூக்க மாட்டாய்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு டாக்டர் வருவார், முதலிலிருந்து கேட்பார். “கர்ப்பமா இருந்தப்போ ஏதாவது நோய் வந்துச்சாம்மா? ஜுரம், உடம்புல கொப்புளம், இந்த மாதிரி?” நீ “ஒண்ணும் வரல சார்” என்பாய். தயங்காமல் சொல்வாய். அந்தப் பச்சை ஃபைல் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. ஏழு இடங்களில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மேலே என் பெயர், முத்துமாரி.

உன் சாவுக்கு எட்டு மாதம் கழித்து முதுகு வலி அதிகமாகி நான் தனியாக அங்கே போனேன். எலும்புப் பிரிவில் என் வயதுள்ள ஒரு பெண் டாக்டர். காலைப் பார்த்தார். தழும்பின்மேல் விரல் வைத்து, அது போகிற வழியிலேயே கணுக்கால் வரை போனார். பிறகு கேட்டார். “உங்க அம்மாவுக்கு, நீங்க வயித்துல இருந்தப்போ, அம்மை வந்துச்சா?”

இல்லை என்றேன். ஃபைலைக் காட்டினேன்.

“நோய் வந்துச்சான்னு கேட்டிருக்காங்க. அம்மை வந்துச்சான்னு யாரும் தனியா கேட்டதாத் தெரியல. நம்ம ஊர்ல நெறய பேர் அத நோய்னு சொல்ல மாட்டாங்க. வீட்ல பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்களேன்.”

பிறகு விளக்கினார். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு முதல் ஐந்து மாதத்துக்குள் சின்னம்மை வந்தால், மிகச் சிலருக்கு மட்டும், கிருமி வயிற்றுப் பிள்ளையையும் தொட்டுவிடும். பிள்ளையின் ஒரு நரம்பைப் பிடிக்கும். அந்த நரம்பு போகிற வழியில் தோல் தழும்பாகும், சதை வளராது, எலும்பு குட்டையாக நிற்கும். என் காலில் எல்லாம் அந்த ஒரே பாதையில்தான் இருந்தன. இத்தனை வருடம் கழித்து நிரூபிக்க முடியாது, ஆனால் பொருந்துகிறது என்றார். கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார். கண்ணில் ஒன்றுமில்லை.

முன்பே தெரிந்திருந்தால் வேறு வைத்தியம் செய்திருப்பீர்களா என்று கேட்டேன். “பெருசா இல்ல. இதே பயிற்சி, இதே ஆபரேஷன், இதே ஷூதான்.” அந்த பதிலை உனக்காகத்தான் கேட்டு வாங்கினேன், அம்மா.

ஊருக்கு வந்ததும் நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். நான் வயிற்றில் இருந்தபோது உனக்கு அம்மை வந்ததா என்று கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. “வராம? நாலாவது மாசம். மொதல்ல உங்க அண்ணனுக்கு வந்துச்சு, மூணு வயசு. அவனுக்கு எறங்கி ஏழெட்டு நாளு கழிச்சு அவளுக்கு. ஒடம்பெல்லாம் முத்து முத்தா. தலைக்குத் தண்ணி ஊத்துன அன்னிக்கு தெருவுக்கே கூழு ஊத்துனோம். அதனாலதான உனக்கு அந்தப் பேரு? யாரும் உனக்குச் சொல்லலியா?”

யாரும் சொல்லவில்லை. தர்ஷினிகளாக நிறைந்த வகுப்பில் எனக்கு மட்டும் ஏன் இந்தப் பெயர் என்று எத்தனை நாள் உன்னிடம் சண்டை போட்டிருக்கிறேன். “நல்ல பேருதான், போடி” என்பதற்கு மேல் நீ ஒன்றும் சொன்னதில்லை.

பிறகு பல மாதங்கள் இதை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவன் புருவத்துக்கு மேலே ஒரு சின்னப் பள்ளம் உண்டே. அத்தை அதை ஆத்தா கொடுத்த முத்தம் என்று சொல்லிக் கிள்ளுவாளே. அது அந்த அம்மையின் தழும்பு. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு ஒரு கேள்விதான். நீ ‘இல்லை’ என்று சொன்னது, ஆத்தா வந்ததை நோய் என்று சொல்லக் கூடாது என்பதாலா? அல்லது உனக்குத் தெரிந்துவிட்டதா?

இப்படியே போயிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால்.

அண்ணி யாழினிக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தாள். முதுகில் நாலு கொப்புளம், நீர் கோத்து, பளபளவென்று. வயிற்றில் இன்னும் மூன்று. அவள் வகுப்பில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்கு வந்திருந்தது. அண்ணிக்கு அப்போது மூன்றாம் மாதம். அத்தைக்கு யார் சொன்னார்களோ, பத்து நிமிடத்தில் கையில் வேப்பங்கொத்தோடு வந்துவிட்டாள்.

“ஆத்தா வந்துட்டா. கவிதா, இனிமே தாளிக்காத. தல வாராத. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் யாரும் ஊர விட்டுப் போவக் கூடாது. வெளியாள உள்ள உடாத.” நிலையில் வேப்பிலையைச் சொருகிக்கொண்டே சொன்னாள். அண்ணன் அவள் ஏறிய முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாழினி அண்ணி மடியில் படுத்துச் சிணுங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி அவள் முதுகை ஊதிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஊதுவதைப் பார்த்தேன். நீயும் அண்ணனுக்கு இப்படித்தானே ஊதியிருப்பாய்?

“அண்ணி, உங்களுக்கு சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?”

“தெரியலியே மாரி. எங்கம்மாவ ஒரு தடவ கேட்டேன். ஏதோ வந்துச்சு, தட்டம்மையா இன்னான்னு ஞாபகம் இல்லன்னாங்க.”

“யாழினிய எங்கிட்ட குடுங்க. எனக்குப் பத்தாவது படிக்கறப்போ வந்து போய்டுச்சு. நீங்க பொடவ மாத்துங்க, இப்பவே வேலூர் போய்ட்டு வந்துடலாம்.”

அத்தை முக்காலியிலிருந்து இறங்கினாள். “இன்னாடி பேசற? ஆத்தா ஊட்ல இருக்கறப்போ மாசமா இருக்கறவ படி தாண்டுவாளா? பெத்த புள்ளய உட்டுட்டு?”

“போய்த்தான் ஆகணும் அத்த. ரத்தம் டெஸ்ட் பண்ணணும்.”

“உங்க அம்மாவப் பாத்துக் கத்துக்கோ. இவனுக்கு வந்தப்போ அவளும் மாசமாத்தான் இருந்தா. பதினோரு நாளு புள்ள பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துனு இருந்தா. அப்புறம் அவளுக்கே வந்துச்சு. ஒரு வார்த்த மொனகல.”

“அதான் அத்த சொல்றேன். அப்போ அவங்க வயித்துல நான்தான் இருந்தேன்.”

அப்போது செய்ததை நான் முன்பு செய்ததில்லை. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, அவர்கள் நடுவில் ஒரு நாற்காலியின்மேல் காலைத் தூக்கி வைத்தேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். நரம்பு, தழும்பு, சதை, எலும்பு. அண்ணிக்கு எதிர்ப்பு சக்தி இல்லாவிட்டால் ஒரு ஊசி இருக்கிறது, அதை நாள் கடத்தாமல் போட வேண்டும் என்றேன். கத்திரிக்கோல் இல்லை என்றேன். காலைக் கீழே இறக்கவில்லை.

அண்ணன் கை மெதுவாகப் புருவத்துக்குப் போனது.

“அப்போ எனக்கு வந்துதான் அம்மாவுக்கு வந்துச்சா?”

நான் சுருட்டிய பேன்ட்டை இறக்கிவிடத் தொடங்கினேன்.

“சொல்லுடி.”

“ஆமாண்ணா.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் எடுத்தேன். ஜன்னல் ஓரத்திலிருந்து அப்பா, “தெரியும்” என்றார்.

செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவர் பேசினார். நீதான் சொல்வாயே, அவர் ஒரு வருடத்துக்கான பேச்சைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் பேசுவார் என்று. அந்த நாள் அது.

“இவ பொறந்த அன்னிக்கே கால நான் பாத்தேன். முப்பது வருசம் தோலு தரம் பிரிச்சவன் நான். கத்தி பட்ட தோலும் அம்மை வந்து ஆறுன தோலும் எனக்குத் தெரியாதா? கத்தி பட்டா ஓரம் கூரா இருக்கும். ஆட்டுக்கு அம்மை வந்து ஆறிச்சின்னா அந்த எடம் சுருங்கி, வழவழன்னு, வெரலுக்குத் தனியாத் தெரியும். இது வெட்டுத் தழும்பு இல்லன்னு அன்னிக்கே உங்கம்மாகிட்ட சொன்னேன்.”

“அம்மா இன்னா சொன்னாங்க?” என்று அண்ணன் கேட்டான்.

“இவ காலத் துணியில சுத்தி மூடுனா. அப்புறம் சொன்னா. புள்ளைக்கு மூணு வயசு, இது அவன் தலையில உழக் கூடாது. எல்லாரும் கத்திரிக்கோலுன்னு சொல்றாங்க இல்ல, அப்டியே இருக்கட்டும். நீயும் வாயத் தொறக்காதன்னா. நான் தொறக்கல.”

அத்தை வேப்பங்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அப்போ நான் இத்தினி வருசமா அவள...” என்றாள். உன் படம் இருக்கும் சுவர்ப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

பிறகு எழுந்து முந்தானையைச் சொருகிக்கொண்டாள்.

“ஏ கவிதா, எழுந்திரு. பொடவய மாத்து. புள்ளய நான் பாத்துக்கறேன்.”

“ஆத்தா கோச்சுக்குவாளேன்னு...” என்று அண்ணி இழுத்தாள்.

“ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். எனக்கும் அவளுக்கும் பழக்கம் ஜாஸ்தி. நீ கெளம்பு.”

ஆட்டோவில் பள்ளிகொண்டா வரை, அங்கிருந்து பஸ். அண்ணி வழியெல்லாம் என் கையை விடவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாள், கர்ப்பத்தில் ஏதாவது நோய் உண்டா என்று. அண்ணி தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள். “எனக்கு இல்ல மேடம். எங்க வீட்ல கொழந்தைக்கு அம்மை.” வரிசையில் இருந்த நாலு பேர் தள்ளி உட்கார்ந்தார்கள். நர்ஸ் அவசரமாக எழுந்து எங்களை வேறு அறைக்கு அனுப்பினாள்.

ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி இல்லை என்று மறுநாள் தெரிந்தது. அன்றே ஊசி போட்டார்கள். இது அம்மையைத் தடுக்கலாம், அல்லது வந்தாலும் கடுமையாகாமல் பார்த்துக்கொள்ளலாம், உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். வந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை என்றும் சொன்னார். நாலு வாரம் பார்க்க வேண்டும்.

அந்த நாலு வாரமும் அண்ணி பள்ளிகொண்டாவில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். யாழினிக்கு ஏழாம் நாள் அத்தை தலைக்குத் தண்ணி ஊற்றினாள். டாக்டர் கொடுத்த மருந்தையும் அவளே வேளை தவறாமல் கொடுத்தாள். ஒருநாள் அண்ணி கையைக் காட்டி வீடியோ கால் செய்தாள், அழுதுகொண்டே. சிவப்பாக ஒன்று இருந்தது. அப்பா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “கொசு” என்றார். கொசுதான். முப்பது வருட அனுபவம்.

அண்ணன்தான் பேசவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். என் முகத்தைப் பார்ப்பதைவிடக் காலைப் பார்த்தது அதிகம். நீ இருந்திருந்தால் இதற்குத்தான் பயந்தேன் என்றிருப்பாய். நான் உடைத்தது அவனைத்தானோ என்று எனக்கும் தோன்றியது. உன்னால் இருபத்தைந்து வருடம் முடிந்தது என்னால் சில மாதம்கூட முடியவில்லையே. ஆனால் அண்ணி அந்த முதுகை ஊதிக்கொண்டிருந்தாள் அம்மா. நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்? இதை உன்னிடம் தினமும் கேட்டேன்.

நாலாவது வாரம் முடிந்து அண்ணி வீட்டுக்கு வந்தாள், உடம்பில் ஒரு கொப்புளம் இல்லாமல். அந்த வாரக் கடைசியில் அண்ணன் கம்பெனியிலிருந்து ஷீட் துண்டுகளோடு வந்தான். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் கனம்.

“நில்லு, அளவெடுக்கணும்.”

எப்போதும் போல வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்றேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன். இடது பாதத்தின் அடியில் ஒவ்வொரு ஷீட்டாக அவன் வைப்பான், துப்பட்டாவின் கோடு நேராகிறதா என்று பின்னாலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அது உன் வேலையாக இருந்தது. இப்போது யாழினி செய்கிறாள். “இன்னும் எறக்கமா இருக்கு அத்த” என்று என்னிடம் அதிகாரமாகச் சொன்னாள்.

அண்ணன் குனிந்தபடியே பேசினான். “இத்தினி வருசமா ஷூ செஞ்சு குடுத்து, ஏதோ உனக்கு ஒதவி பண்றதா நெனச்சுனு இருந்தேன்.”

“ஒதவிதான்.”

“நான் குடுத்ததுடி இது.”

“உனக்கு யார் குடுத்தா? அவனுக்கு யார் குடுத்தா? மூணு வயசுல நீ இன்னா பண்ணியிருப்ப? மண்ணுல வெளாடியிருப்ப.”

இரண்டாவது ஷீட்டை வைத்தான். “அம்மா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா இப்டித்தான் மூஞ்ச தூக்கி வெச்சுனு இருந்திருப்ப. இருபத்தஞ்சு வருசம்.”

அவன் மூக்கை உறிஞ்சினான். சிரிப்பா என்னவோ தெரியவில்லை. “பேஜார் புடிச்ச குடும்பம்” என்றான். மூன்றாவது ஷீட்டை வைத்தான். யாழினி கைதட்டினாள், கோடு நேராகிவிட்டது.

“மூணு போதும்” என்றான்.

“வளர்ற பொண்ணுக்குக் கொஞ்சம் சேத்து வைக்கக் கூடாதா?”

“நீ எங்கடி இனிமே வளரப் போற. எறங்கு.”

போன வாரம் அண்ணிக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். தொடை எலும்பு இரண்டையும் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே நீளம், கை கால்கள் நன்றாக அசைகின்றன. அண்ணன் அளவை மில்லிமீட்டரில் கேட்டு, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தான். அப்பா அந்தக் கையைப் பிடித்துப் படித்தார், விட்டார், செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். இன்னும் ஒரு ஸ்கேன் இருக்கிறது. அதுவும் ஆகட்டும்.

அத்தை இப்போது கத்திரிக்கோல் கதையைச் சொல்வதில்லை. யாராவது கேட்டால் “அது வேற விசயம்” என்கிறாள். போன வெள்ளிக்கிழமை உன் படத்துக்கு அவளே பூ வாங்கி வந்தாள். வைத்துவிட்டு நின்றிருந்தாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. உனக்குக் கேட்டிருக்கும்.

அந்தப் பச்சை ஃபைலை எடுத்துக்கொண்டு போய், அதே டாக்டரிடம் எட்டாவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். ‘தாய்க்கு நான்காம் மாதத்தில் சின்னம்மை.’ பழைய ஏழு ‘இல்லை’களை அடிக்கவில்லை. அவை நீ அண்ணனுக்காகச் செய்தவை, இருக்கட்டும்.

உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இவ்வளவுதான். பிறக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும் சின்னம்மை ஊசிக்கு நானே தூக்கிக்கொண்டு போவேன். அது அரசு போடும் ஊசிகளோடு வராது, நாம்தான் கேட்டுப் போட வேண்டும். தெருவில் யார் மாசமானாலும், வெட்கத்தை விட்டு, என் காலைக் காட்டிச் சொல்வேன். அண்ணன் மறுபடி ‘நான் குடுத்ததுதானே’ என்று கேட்டால், எத்தனை தடவை கேட்டாலும் ‘உனக்கு யார் குடுத்தா’ என்றே பதில் சொல்வேன். அவன் கேட்காத வருடங்களில், அவன் ஷீட்டோடு வரும்போது நேராக நிற்பேன். தினமும் என் பாதத்தை நானே வளைத்துப் பிடித்து, முப்பது வரை சரியாக எண்ணுவேன்.

உன் மகள்,
நீ காத்தவனுக்குத் தங்கை,
முத்துமாரி